பீட்டாவுக்குக் காத்திருப்பவர்கள் ஏமாளிகள் அல்ல

பெயர்பெற்ற ஒரு ஸ்ட்ராட்டஜி கேமின் அடுத்த பாகத்துக்கு, வெளியீட்டுக்கு முன்பே ஆட்டக்காரர்களிடம் கொடுத்துப் பார்க்கும் பொதுப் பீட்டா சோதனை நடக்கப்போகிறது என்று அறிவிப்பு வந்தால் போதும், ஆட்டக்காரர்கள் நாள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுக்குப் புத்தி சொல்லும் குரல்களும் கூடவே கிளம்பிவிடும். பீட்டா என்பது விளம்பரம்தான். ஆட்டம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, நீ சொல்லி எதுவும் மாறாது. சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை உன்னிடம் சும்மா வாங்கிக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் முழுதாக முடித்த பிறகுதான் கேமை விற்றார்கள். இவை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, விவரம் தெரிந்தவர்களின் கருத்து என்ற மதிப்பையும் பெற்றுவிட்டன. எனக்கு இதில் உடன்பாடில்லை. வேறு வகைக் கேம்களுக்கு இது ஓரளவு பொருந்தலாம். ஸ்ட்ராட்டஜி கேம்களுக்குப் பொருந்தாது. ஸ்டார்கிராஃப்ட் 2 உருவான கதை ஒன்றே அதற்குப் போதுமான சான்று.

அந்தக் குரல்கள் கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கெல்லாம் வேர் அதுதான். முதல் ஸ்டார்கிராஃப்ட் 1998 மார்ச் 31 அன்று வெளியானது. மனிதர்களான டெர்ரான், பூச்சிக் கூட்டமாய்ப் பெருகும் ஸெர்க், எண்ணிக்கையில் குறைந்து ஆற்றலில் மிகுந்த புரோட்டாஸ் என்று மூன்று இனங்கள். ஒன்றின் படைக்கும் கட்டடத்துக்கும் மற்றொன்றில் நேர் இணை கிடையாது. அப்படியிருந்தும் மூன்றும் சமபலத்தோடு மோதுகின்றன என்பதுதான் அந்த ஆட்டத்துக்கு இன்றுவரை உள்ள புகழ். அந்தச் சமநிலை 1998-இல் பெட்டிக்குள் வைத்து விற்கப்பட்டது அல்ல. அந்த ஆண்டின் இறுதியில் புரூட் வார் என்ற விரிவாக்கம் வந்தது. பேட்ச் மேல் பேட்சாகத் திருத்தினார்கள். 2001 மே மாதம் வந்த 1.08 பேட்சோடுதான் இனங்களின் பலம் ஒரு நிலைக்கு வந்தது. ஸெர்க் ஆட்டக்காரர் எடுத்த எடுப்பிலேயே பாய்ந்து எதிரியை முடிக்கத் தேவைப்படும் ஸ்பானிங் பூல் கட்டடத்தின் விலை 150 மினரலிலிருந்து 200 ஆனது அப்போதுதான். ஆடி முடித்த ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கும் ரீப்ளே வசதியும் அப்போதுதான் வந்தது. அதன் பிறகும் மிச்சமிருந்த ஏற்றத்தாழ்வைத் தென்கொரியாவின் தொழில்முறை லீக்குகள் வரைபடங்களை மாற்றி மாற்றிச் சரிக்கட்டின.

ஆக, மூன்று ஆண்டுகள் உலகம் முழுக்கச் சோதனை நடந்தது. சோதித்தவர்கள் முழு விலை கொடுத்து வாங்கியவர்கள். இணைய இணைப்பு இல்லாத வீட்டில் குறுந்தகட்டை வைத்து ஆடியவர்களுக்கு அந்தத் திருத்தங்கள் எளிதில் வந்து சேரவில்லை. பழைய காலத்தில் எல்லாம் முழுமையாக வந்தன என்கிறவர்களின் நினைவில் இருப்பது திருத்தப்பட்ட ஆட்டம்.

அடுத்தது, பீட்டாவில் எதுவும் மாறாது என்ற வாதம். ஸ்டார்கிராஃப்ட் 2 வரப்போகிறது என்று பிளிஸார்ட் நிறுவனம் 2007 மே 19 அன்று சியோலில் அறிவித்தது. அன்று முதல் பீட்டா எப்போது என்ற கேள்விதான். 2009-இல் வந்துவிடும் என்று நம்பியிருந்தபோது, இணையச் சேவையான பேட்டில்.நெட் தயாராகவில்லை என்று சொல்லி அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியீட்டை 2010-க்குத் தள்ளினார்கள். ஒருவழியாக 2010 பிப்ரவரி 17 அன்று பீட்டா திறந்தது. ஆட்டம் கடைக்கு வந்தது ஜூலை 27. இடையில் இருந்த ஐந்து மாதங்களில் பேட்சுகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. இன்று ஆடிய உத்தி அடுத்த வாரம் செல்லாமல் போனது.

ஒரு மாற்றத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஸெர்க் படையில் ரோச் என்ற ஒரு பிராணி உண்டு. 75 மினரல், 25 கேஸ்; மலிவான விலையில் தடித்த தோல். பீட்டா தொடங்கியபோது ஒரு ரோச் படைக்கணக்கில் ஓர் இடத்தைத்தான் பிடித்தது. இந்த ஆட்டத்தில் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய மொத்தப் படைக்கணக்கு 200; அதில் வேலைக்காரப் பிராணிகளும் அடக்கம். அப்படியானால் சுரங்க வேலைக்குப் போனது போக மீதி இடம் முழுவதையும் ரோச்சுகளாலேயே நிரப்பிவிட முடியும். ஆட்டம் நீண்டுபோனால் நூற்றுக்கும் மேற்பட்ட ரோச்சுகள் ஒரே அலையாய் வந்து மோதும். செத்தால் என்ன, அடுத்த அலை முட்டைக்குள் தயாராக இருக்கும். ஆட்டக்காரர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள், எல்லாரும் அதையே ஆடத் தொடங்கினார்கள், ஸெர்க் எதிர் ஸெர்க் ஆட்டங்கள் ரோச் மந்தைகளின் மோதலாகச் சுருங்கின. பீட்டா நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு ரோச்சுக்கான இடத்தை ஒன்றிலிருந்து இரண்டாக ஆக்கினார்கள். விலை மாறவில்லை, சுடும் வேகமும் மாறவில்லை. ஆனால் ஒருவர் திரட்டக்கூடிய ரோச் படை பாதியாகிவிட்டது. ஹைட்ராலிஸ்கையும் மற்றப் பிராணிகளையும் கலந்து ஆட வேண்டிய கட்டாயம் வந்தது. ஓர் எண்ணைத் திருத்தியதில் ஓர் இனத்தின் ஆட்டமுறையே வேறானது. இதை எப்படி விளம்பரம் என்று தள்ளிவிட முடியும்?

இதை நிறுவனத்துக்குள்ளேயே கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று கேட்பார்கள். கேம் நொறுங்கி நிற்பது, படம் உடைவது, பொத்தான் வேலை செய்யாதது போன்ற பிழைகளை உள்ளே இருக்கும் சோதனையாளர்கள் திறமையாகப் பிடித்துவிடுவார்கள். ஸ்ட்ராட்டஜி கேமின் கோளாறு வேறு சாதி. எந்தப் பொத்தானும் பழுதில்லாமல், எல்லா விதிகளும் எழுதியபடியே நடந்துகொண்டிருக்கும்போது, ஒரே ஓர் உத்தி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மூன்று இனங்கள் என்றால் ஆறு வகை மோதல். ஒவ்வொன்றிலும் வரைபடம், தொடக்க முறை, படைக் கலவை என்று கிளை விரிந்துகொண்டே போகும். ஒரு கட்டடத்துக்குள் ஒருவரையொருவர் நன்கு அறிந்த சில நூறு பேர் ஆடும்போது ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. எல்லாரும் ஒரே மாதிரி ஆடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வெல்ல வேண்டும் என்ற வெறியோடு ஆட்டத்தின் ஒவ்வொரு ஓட்டையிலும் கையை விடுகிறவர்கள் அவர்கள். அந்தக் கூட்டம் இல்லாமல் சமநிலையைச் சோதிக்க எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

மாறாதவையும் இருந்தன, அதை மறைக்கத் தேவையில்லை. இணையம் இல்லாமல் பக்கத்துக் கணினியோடு இணைத்து ஆடும் லேன் வசதி கிடையாது என்று 2009-லேயே சொல்லிவிட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் மனு போட்டார்கள், கெஞ்சினார்கள். தரவே இல்லை. திருட்டுப் பிரதியைத் தடுக்கவும் எல்லாரையும் பேட்டில்.நெட்டுக்குள் வைத்திருக்கவும் எடுத்த வணிக முடிவு அது. பீட்டாவால் அதை அசைக்க முடியவில்லை. பலர் கூடிப் பேசும் அரட்டை அறைகள் இல்லை என்ற குறை பீட்டா முழுவதும் ஒலித்தது. வெளியீட்டின்போது அவை இல்லை, 2011 ஜனவரியில் 1.2 பேட்சில் வந்தன. எண்களும் விதிகளும் மாறும், வசதிகள் தாமதமாக மாறும், வணிக முடிவுகள் அநேகமாக மாறாது. எதுவுமே மாறாது என்று சொல்வதற்கும் இதற்கும் நிறைய தூரம் இருக்கிறது.

உரக்கக் கத்துகிற சிலரின் பேச்சைக் கேட்டு ஆட்டத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. பேட்டில்.நெட் வழியாகத்தான் ஆட முடியும் என்பதால் யார் எந்த இனத்தை வைத்து யாரிடம் தோற்றார் என்பதெல்லாம் நிறுவனத்தின் கையில் இருந்தது. புலம்பலைப் புள்ளிவிவரத்தோடு ஒட்டிப் பார்க்க அவர்களால் முடிந்தது. வெளியீட்டுக்குப் பிறகு ஸெர்க்தான் மிகவும் நலிந்த இனம் என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், கொரியாவில் நடந்த முதல் ஜிஎஸ்எல் போட்டியை ஃப்ரூட்டீலர் என்ற பெயரில் ஆடிய ஸெர்க் ஆட்டக்காரரே வென்றார். இருந்தும் அதே மாதம், 2010 அக்டோபரில், ரோச்சின் தாக்கும் தூரத்தை 3-இலிருந்து 4 ஆகக் கூட்டினார்கள். ஒரு வெற்றியைப் பார்த்தோ ஒரு கூச்சலைக் கேட்டோ செய்கிற வேலையாக இது எனக்குத் தெரியவில்லை.

விளம்பரம் என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. ஸ்டார்கிராஃப்ட் 2-ஐ முன்பதிவு செய்தவர்களுக்குச் சில கடைகள் பீட்டா நுழைவுக் குறியீட்டைச் சேர்த்துக் கொடுத்தன. சோதனைக்கான வாசலை விற்பனைக் கொக்கியாக்கியது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் விளம்பரத்தையும் சோதனையையும் பிரித்தறிய எளிய அளவுகோல் உண்டு: சோதனை முடிந்ததிலிருந்து விற்பனை வரை திருத்துவதற்கு நேரம் விட்டிருக்கிறார்களா? ஆட்டத்தின் இயல்பு வெளிப்படும் அளவுக்கு ஆட விட்டிருக்கிறார்களா? நகரம் கட்டும் ஆட்டமான சிம்சிட்டி 2013-இல் இரண்டிலும் தவறியது. ஜனவரி 25 முதல் 28 வரை நடந்த சோதனையில் ஆட்டம் ஒரு மணி நேரத்தோடு நின்றுவிடும். நகரம் வளர்ந்து போக்குவரத்து நெரிந்து சிக்கல்கள் தலைதூக்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஐந்தாறு வாரங்களில், மார்ச் 5 அன்று, விற்பனைக்கு வந்தது. சர்வர்கள் தாங்கவில்லை, காசு கொடுத்தவர்களால் உள்ளே நுழையவே முடியவில்லை. இணைப்பு இல்லாமல் தனியே ஆடும் வசதி ஓராண்டு கழித்து 2014 மார்ச்சில் வந்தது. சிம்சிட்டியைக் காட்டி எல்லாப் பீட்டாவும் விளம்பரமே என்பவர்களுக்கு நான் ஸ்டார்கிராஃப்ட் 2-இன் ஐந்து மாதங்களைக் காட்டுவேன்.

பீட்டா நடத்தியும் தோற்ற ஆட்டங்களைப் பட்டியலிடுவது இவர்களின் இன்னொரு வழக்கம். அந்தப் பட்டியலைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். வார்கிராஃப்ட் 3-இன் மறுவடிவமான ரீஃபோர்ஜ்டு 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 2019 இறுதியில் அதன் பீட்டா நடந்தது. 2020 ஜனவரி 28 அன்று வெளியானது. பீட்டாவில் கொடுத்தது பலர் சேர்ந்தாடும் பகுதியை. கதைப் பகுதியைக் கொடுக்கவில்லை. வெளியான பிறகு பார்த்தால், அறிவிப்பின்போது மேடையில் காட்டிய புதுக் காட்சியமைப்புகள் ஆட்டத்தில் இல்லை. பழைய ஆட்டத்தில் இருந்த குலக் குழுக்களும் தரவரிசை ஏணியும்கூட இல்லை. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள், பிளிஸார்ட் கேள்வி கேட்காமல் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

ஹோம்வேர்ல்டு 3-ஐ இதோடு வைத்துப் பாருங்கள். இரண்டாம் பாகம் 2003-இல் வந்தது. ரசிகர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். 2024 பிப்ரவரியில் வார் கேம்ஸ் என்ற பகுதியை மட்டும் எல்லாரும் ஆடிப்பார்க்கத் திறந்துவிட்டார்கள். விண்கப்பல்களை நகர்த்தும் முறை கைக்கு வசப்படவில்லை என்று பலர் சொன்னார்கள். மார்ச் 8 என்று குறித்திருந்த வெளியீட்டை அந்தக் கருத்துகளின் பேரில் மே 13-க்குத் தள்ளிவைத்தார்கள். ஆட்டம் வந்ததும் ரசிகர்கள் பெரிதும் மனம் நொந்தது கதையைப் பற்றி. அது அந்தச் சோதனையில் திறந்துகாட்டப்படாத பகுதி.

இந்த இரண்டிலும் பெரிய அடி விழுந்த இடம் கதைப் பகுதி. இரண்டிலும் அது பொதுச் சோதனைக்கு வராமல் இருந்த பகுதி. கதை முன்கூட்டியே தெரிந்தால் சுவை போய்விடும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. ஸ்டார்கிராஃப்ட் 2 பீட்டாவிலும் கதைப் பகுதி கிடையாது. முழுக் கதையையும் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நடுவிலிருந்து இரண்டு களங்களைக் கொடுத்தால் போதும், தரம் தெரிந்துவிடும். தோற்றவற்றின் பட்டியல் பீட்டாவை இன்னும் விரிவாக்கச் சொல்கிறதே தவிர ஒழிக்கச் சொல்லவில்லை.

எஞ்சியிருப்பது இலவச உழைப்பு என்ற வாதம். இதை முன்வைப்பவர்களில் பலர் உழைப்பாளர் மீது உண்மையான அக்கறை கொண்டவர்கள். அதனால் இதை மதிக்கிறேன். ஆனாலும் இருவேறு வேலைகளை இவர்கள் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஒரே வாசலில் ஆயிரம் முறை நுழைந்து பிழையைத் தேடி, அது எப்போது எப்படி வருகிறது என்று எழுதிக்கொடுப்பது சோதனையாளரின் தொழில். அதற்குப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும், சம்பளமும் வேண்டும். பீட்டா ஆட்டக்காரர் ஆடுகிறார். பிடிக்காத அன்று மூடிவைத்துவிட்டுப் போகிறார். பீட்டாவைச் சாக்காக வைத்து ஒரு நிறுவனம் தன் சோதனையாளர்களைக் குறைத்தால் அதைக் கடுமையாக எதிர்க்க வேண்டும். ஆனால் அந்தத் தொழிலாளர்கள் தங்கள் குறை என்ன என்று தாங்களே சொல்லியிருக்கிறார்கள். பிளிஸார்டோடு ஒரே குழுமத்தில் இருந்த ரேவன் சாஃப்ட்வேரில் 2021 டிசம்பரில் ஒப்பந்தச் சோதனையாளர்கள் சிலரை நீக்கப்போவதாக அறிவித்தபோது சக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; 2022 மே மாதம் வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். 2024 மார்ச்சில் அதே குழுமத்தின் ஆக்டிவிஷன் நிறுவனச் சோதனையாளர்கள் சுமார் 600 பேர் சங்கமாகத் திரண்டார்கள். அவர்கள் கேட்டது நிரந்தர வேலை, நியாயமான ஊதியம், தங்களைப் பற்றிய முடிவுகளில் தங்களுக்கும் ஓர் இடம். அவர்களுக்காகப் பேச விரும்புகிறவர்கள் பீட்டா வரிசையில் நிற்கும் ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நிர்வாகத்திடம் போய்ப் பேசட்டும்.