நடுவழியில் நிற்கும் பணம்

மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே ஒருவர் 40 ரூபாய்க்கு மல்லிகைப்பூ வாங்குகிறார். கைப்பேசியில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணை அழுத்துகிறார். சில நொடிகளில் முடியும் இச்செயலில், ஒன்றுக்கொன்று கட்டுப்படாத பல கணினி அமைப்புகள் பங்கேற்கின்றன. வாங்குபவரின் செயலி, அவருடைய வங்கி, கடைக்காரரின் செயலி, அவருடைய வங்கி, இவற்றுக்கு நடுவே இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம். எந்த வங்கியும் மற்றொன்றின் கணக்கேட்டைத் திறந்து பார்ப்பதில்லை. ‘பற்று வை’, ‘வரவு வை’ என்னும் செய்திகள் மட்டுமே பொது வடிவில் போய்வருகின்றன.

2016 ஏப்ரல் 11 அன்று அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் மும்பையில் யுபிஐ முறையைத் தொடங்கிவைத்தபோது 21 வங்கிகள் சோதனையில் இருந்தன. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள் நிகழ்ந்தன. அடிப்படைத் தத்துவம் புதிதன்று. காசோலைகளை வங்கிகள் தமக்குள் மாற்றிக்கொண்டு, மிச்சத்தை மட்டும் ரிசர்வ் வங்கிக் கணக்கில் நேர்செய்த பழைய தீர்வகத்தின் வழிமுறைதான் இது, வேகம்தான் வேறு.

இவ்வளவு அமைப்புகள் தனித்தனியே இருப்பதற்குப் பதில் நாடு முழுவதற்கும் ஒரே கணினி இருந்தாலென்ன என்று கேட்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வங்கியின் சர்வர் நின்றால் மற்ற வங்கிகளின் வாடிக்கையாளர்கள் தடையின்றிப் பூ வாங்கலாம். நடுவமைப்பிலேயே தடங்கல் நேர்ந்த 2025 மார்ச் 26 அன்று நாடெங்கும் மக்கள் தவித்ததை நினைத்தால், எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிப்பதன் ஆபத்து விளங்கும்.

ஆனால் தன்னாட்சிக்கு ஒரு விலை உண்டு. அனுப்பியவர் கணக்கில் பற்று வைக்கப்பட்டுவிட்டது. எதிர் வங்கியிடமிருந்து உரிய நேரத்தில் பதில் வரவில்லை. வரவு வைக்கப்படவில்லையா, வைத்தபின் பதில்தான் வழியில் தவறியதா? நடுவிலுள்ள இயந்திரத்துக்கு அந்நொடியில் தெரியாது. அவசரப்பட்டுத் திருப்பினால் ஒரே பணம் இருவரிடமும் சேர்ந்துவிடும். ஆகவே ‘நிலுவையில் உள்ளது’ என்று சொல்லிக் காத்திருக்கிறது.

அந்தக் காத்திருப்புக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையில் எல்லை வகுத்தது. ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய பணம் வரவாகாவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடையில் செலுத்தியதற்கு உறுதிச் செய்தி வராவிட்டால் 5 நாள்கள். அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலேயே தரப்பட வேண்டும்.

விதி நல்ல விதி. குறை வேறிடத்தில் உள்ளது. தாராவியில் தோல் பட்டறையில் உழைக்கும் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருக்கும் தாய்க்கு 2,000 ரூபாய் அனுப்புகிறார். பணம் நிற்கிறது. அரைநாள் கூலியை விட்டுக் கிளைக்கு வந்தால், ‘எதிர் வங்கியைக் கேளுங்கள்’ என்னும் பதில் கிடைக்கிறது. எதிர் வங்கியின் கிளையோ 1,500 கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே அந்தத் தாய் கேட்டால், ‘அனுப்பிய வங்கியைக் கேளுங்கள்’ என்பார்கள். இயந்திரங்கள் தமக்குள் கேட்டு விடை பெறும்போது, மனிதரை மட்டும் தூது அனுப்புவது என்ன முறை? பற்று எந்த வங்கியில் விழுந்ததோ, அந்த வங்கியே முறையீட்டை ஏற்று, எதிர் வங்கியிடம் தானே கேட்டு, விடையைச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. கவுன்டரில் இருக்கும் எங்களுக்கு அதற்குச் சற்றே கூடுதல் வேலை. அவருக்கோ ஒரு நாள் கூலி.

‘நிலுவை’, ‘செயலாக்கத்தில்’, ‘தோல்வி’ என்று ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு சொல்லைக் காட்டுவதும் சரியன்று. செய்தி வடிவில் ஒன்றுபட்ட வங்கிகள், வாடிக்கையாளரிடம் பேசும் சொல்லிலும், தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும், ஒன்றுபடலாம்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது: செயலியில் காணும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, முதலில் செயலியிலும் பின்னர் உங்கள் வங்கியிலும் எழுத்து மூலம் முறையிடுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘உதவி எண்களை’ நம்ப வேண்டாம். 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.