நாலு ஏக்கருக்கு எத்தனை குதிரை?

முப்பது வயது தாண்டிய ஆபீஸ்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் தவறாமல் வருகின்றன. ஒன்று தொப்பை. இன்னொன்று, ‘பேசாம ஊருக்குப் போயி விவசாயம் பாத்தா என்ன?’ என்கிற யோசனை. தொப்பையாவது மெதுவாக வரும். யோசனை, திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் வாயைத் திறந்த மாத்திரத்தில் வந்துவிடும்.

சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு இது கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. கல்லல், தேவகோட்டை, சாக்கோட்டை பக்கம் அப்பா பேரில் நாலு ஏக்கர் இருக்கும். கொஞ்சம் கண்மாய்ப் பாசனம், மிச்சம் வானம் பார்த்த பூமி. வெள்ளிக்கிழமை ஏதாவது காரணம் சொல்லி பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் ராத்திரி காரைக்குடி. மறுநாள் காலை டிராக்டர் ஷோரூம்.

“எத்தனை ஏக்கர் ஸார்?”

“நாலு.”

“அப்ப கண்ணை மூடிக்கிட்டு 45 எச்.பி. எடுத்துருங்க!”

பத்து ஏக்கர் என்று சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் நாம் கண்ணைத் திறக்க வேண்டும்.

★

முதலில் இந்த எச்.பி. சமாசாரம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் தன்னுடைய நீராவி எஞ்சினை விற்க, ‘இது இத்தனை குதிரையின் வேலையைச் செய்யும்’ என்று கணக்குச் சொல்லப் பிறந்த அளவு அது. இன்றைய கணக்கில் ஒரு குதிரைத்திறன் 746 வாட். அதாவது பிறக்கும்போதே சேல்ஸ்மேன் வாயில் பிறந்த சொல். அதனால்தான் ஷோரூமில் அதற்கு இன்றும் அத்தனை மவுசு.

நம் ஊர்க் கணக்கில் ஒரு ஜோடி உழவு மாடு ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன். ஆக, 45 எச்.பி. என்றால் நாற்பத்தைந்து ஜோடி மாடு. நாலு ஏக்கரில் நாற்பத்தைந்து ஜோடியை இறக்கினால் அதற்குப் பெயர் உழவு இல்லை ஸார், சிராவயல் மஞ்சுவிரட்டு!

இன்னொரு சூட்சுமம். பானெட்டில் எழுதியிருப்பது எஞ்சினின் பலம். ரோட்டவேட்டரைச் சுற்றுவது பின்னால் இருக்கும் பி.டி.ஓ. தண்டு. அங்கே வந்து சேர்வதற்குள் ஏறக்குறைய பதினைந்து சதவீதம் வழியிலேயே கரைந்துவிடும். 45 என்று போட்டிருந்தால் கைக்குக் கிடைப்பது 38 சொச்சம். நம் சம்பளத்தில் பிடித்தம் போகக் கைக்கு வருகிற மாதிரிதான். ஆகவே, ‘பி.டி.ஓ.வில் எவ்வளவு?’ என்று கேளுங்கள். விற்பவர் ஒரு நிமிடம் உங்களை மரியாதையாகப் பார்ப்பார்.

★

இனி கணக்கு. செட்டிநாட்டில் உட்கார்ந்து கணக்குப் போடாமல் பேசினால் பாவம்.

நகரத்தார் பெரிய பெரிய வீடாகக் கட்டினார்களே, சும்மா ஜம்பத்துக்கா? கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் அவர்களுக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் பெருகும், ஆளுக்கு ஓர் அறை வேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் வளவைச் சுற்றி அறைகளை அடுக்கினார்கள். இன்று அந்த வீடுகளில் பல வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கின்றன. கிடக்கட்டும், அதற்குத் தவணை கிடையாது. டிராக்டருக்கு உண்டு!

எனவே அவர்கள் பாணியில் டிராக்டருக்கும் ஓர் ஐந்தொகை போடுவோம். ஒன்பது கொத்துக் கலப்பை போட்ட நடுத்தர டிராக்டர், சின்ன வயல்களில் வளைந்து திரும்பியும் மணிக்கு ஓர் ஏக்கர் உழும். நாலு ஏக்கருக்கு ஒரு சால் நாலு மணி நேரம். புழுதி உழவு இரண்டு சால், விதைத்து மூடுவதற்கு ஒன்று, கண்மாய்ப் பக்கம் தொழி உழவு, கொஞ்சம் எரு அடிப்பு. தாராளமாகவே போட்டாலும் வருஷத்துக்கு இருபது மணி நேரம். வருஷத்துக்கு மொத்தம் 8,760 மணி நேரம். பாக்கி 8,740 மணி நேரம் அந்த டிராக்டர் வேப்பமரத்தடியில் கோழிகளுக்குத் திண்ணை.

விலை ஆறு லட்சம், அதில் ஐந்து லட்சம் பத்து சதவீத வட்டிக்குக் கடன் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷ வட்டி மட்டும் ஐம்பதாயிரம். தேய்மானம் நாற்பதாயிரம், இன்ஷூரன்ஸ், ஆயில், சர்வீஸ் பத்தாயிரம். ஆச்சா, ஒரு லட்சம். இருபதால் வகுங்கள். ஒரு மணி நேர உழவுக்கு ஐயாயிரம் ரூபாய்! டீசலும் டிரைவரும் தனி. அந்தக் காசுக்கு டாக்ஸி வைத்துக்கொண்டு மதுரைக்குப் போய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். வாடகை டிராக்டருக்கு மணிக்கு ஆயிரம் என்றே வைத்தாலும், டிரைவரோடு இருபதாயிரத்தில் வருஷம் முடிந்துவிடும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அப்பத்தா சொன்னதும் இந்த ஐந்தொகையைத்தான்.

★

‘ஜி.எஸ்.டி.யைக் குறைச்சுட்டாங்களே!’ என்பீர்கள். வாஸ்தவம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. விலை குறைந்தது. உங்கள் நாலு ஏக்கர் எட்டாகவில்லையே!

சிரிப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒன்று. 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில், டிராக்டர் கடன் தவணை பாக்கிக்காக ஒரு விவசாயியை, டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தவரை, போலீஸ்காரர்கள் அடித்து இழுத்துப் போன வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. வாங்கிய கடனில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டேன் என்றார் அந்த மனிதர். காவிரிப் பாசனத்துக்காரருக்கே அந்தக் கதி. கண்மாய் ஒரு வருஷம் நிரம்பி, மறு வருஷம் பல்லிளிக்கும் நம் சீமையில் மழை தவணை தேதி பார்த்துப் பெய்வதில்லை.

★

அப்படியானால் சொந்த டிராக்டரே கூடாதா? அப்படியும் சொல்ல மாட்டேன். ஏனென்றால் வாடகையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஐப்பசியில் மழை பெய்தால் செம்மண்ணில் உழவுக்குத் தோதான ஈரம் மூன்று, நான்கு நாள்தான் நிற்கும். அந்த நாலு நாளும் ஊர் மொத்தத்துக்கும் டிராக்டர் வேண்டும். “அண்ணே, நாளைக்கு வந்துர்றேன்” என்று டிரைவர் தம்பி சொல்லும் ‘நாளை’ வருவதற்குள் நிலம் ஆத்தங்குடி டைல்ஸ் மாதிரி இறுகிவிடும். உழவு தப்பினால் அந்த வருஷமே தப்பியது. சொந்த டிராக்டர் வாங்க ஒரே நியாயமான காரணம் இந்த ஈரம்தான்.

அந்த நியாயத்துக்கு 18 எச்.பி. மினி டிராக்டரே போதும். ஐந்து கொத்துக் கலப்பையோடு மணிக்கு அரை ஏக்கர் சொச்சம் உழும். நாலு ஏக்கர், ஒரே பகல். பெரிய டிராக்டர் அரை நாளில் முடிக்கும். அந்த அரை நாளை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள், சீரியல் பார்க்கவா?

எடையைப் பாருங்கள். மினி முக்கால் டன், 36 எச்.பி. வண்டி 1,700 கிலோவைத் தொடும். கண்மாய்க்குள்வாயில் களிமண் வயலில் இறக்கினால் கேஜ் வீல் மாட்டினாலும் பெரியது உட்கார்ந்துவிட்டால், தூக்க இன்னொரு டிராக்டர் வர வேண்டும். அகலத்தைப் பாருங்கள். மினி நாலடி சுற்றி, பெரியது ஐந்தரை அடி. வண்டிப் பாதை, தென்னந்தோப்பு வரிசை, பங்காளி ஒரு முழம் தள்ளி ஊன்றிய கல்கால், இவற்றையெல்லாம் டேப் வைத்து அளந்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.

ரோட்டவேட்டரின் அகலம் கூடக் கூட எச்.பி.யும் கூட வேண்டும். 18-க்கு மூன்றடிக்குள் அடங்கிவிடுங்கள். நாலடி ஆசைப்பட்டால் எஞ்சின் இருமும். அதேசமயம், ரோட்டவேட்டர் பின் டயரின் வெளி விளிம்பு வரை எட்ட வேண்டும். இல்லாவிட்டால் உழுத மண்ணில் டயர் தடம் அப்படியே நிற்கும். இதற்காகவே டயர் இடைவெளியைக் குறைத்துக்கொள்ள முடிகிற மாடலாகப் பாருங்கள்.

சின்னது எல்லாவற்றுக்கும் ஆகாது. காய்ந்த செம்மண்ணில் சீமைக் கருவேல வேரோடு மல்லுக்கு நின்றால் மினியின் முன் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். பாரம் ஏற்றிய டிரெய்லர், மேட்டிலிருந்து இறங்கும்போது அதைத் தள்ளிவிடும். பத்து ஏக்கருக்கு மேல் இருந்து, ஊருக்கும் வாடகைக்கு ஓட்டப்போகிறீர்கள் என்றால் 35-லிருந்து 45 வரை தாராளமாக எடுங்கள். ஆனால் அது விவசாயம் இல்லை, டிராக்டர் தொழில். வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம் ஓடும் என்று வைத்துத்தான் பொறியாளர்களே செலவுக் கணக்குப் போடுகிறார்கள். அத்தனை மணி நேரம் ஸீட்டில் உட்காரப் போவது யார், வீடியோ கான்ஃபரன்ஸில் இருக்கும் நீங்களா?

வெறும் நெல், நாலு ஏக்கர் என்றால் வாடகைதான் ராஜா. வேளாண்மைப் பொறியியல் துறையே மணிக் கணக்கில் டிராக்டர் அனுப்புகிறது. 2018-ல் வந்த உழவன் செயலி போனிலேயே இருக்கிறது. மழைக்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். கிணறும் தோப்பும் காய்கறியும் உண்டு, மாதாமாதம் மண்வேலை உண்டு என்றால் மினி. முதல் வருஷம் வாடகைக்கு எடுத்து, எத்தனை மணி நேரம் ஓடியது என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுதான் உங்களுடைய நிஜமான டீலர்.

சாக்கோட்டை பக்கத்து இளைஞர் ஒருவர் என்னைக் கேட்டார்: “அதெல்லாம் சரிண்ணே, பெரிய டிராக்டர் வாசல்ல நின்னா பொண்ணு குடுக்குறவங்க மதிப்பாங்கள்ல?”

மதிப்பார்கள் தம்பி. ஆனால் இப்போதெல்லாம் மாமனார்கள் விவரமானவர்கள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு மெதுவாகக் கேட்பார்கள்: “டியூ இன்னும் எத்தனை மாசம் பாக்கி மாப்ளே?”