முதலில் காணி, பிறகு கைகுலுக்கல்

விசுவமடுவிலிருந்து கேணல் இரத்தினப்பிரிய பந்து 2018 ஜூனில் மாற்றலாகிச் சென்றபோது, முன்னாள் போராளிகள் அவரைத் தோளில் சுமந்து அழுதார்கள். தெற்கில் அந்தப் படங்களை நல்லிணக்கத்தின் சான்றாகக் கொண்டாடினார்கள். நம்மவர் சிலர் துரோகம் என்று சினந்தார்கள். இரண்டுமே பிழை. புனர்வாழ்வு முடித்து வந்தவர்களை வேலைக்கு எடுக்கப் பலரும் அஞ்சிய காலத்தில், சிவில் பாதுகாப்புத் திணைக்களப் பண்ணையில் மாதச் சம்பளம் கொடுத்து, மனிதராகவும் மதித்தவர் அவர். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை.

ஆனால் ஓர் ஊரின் அடுப்பு ஓர் அதிகாரியின் நல்ல மனத்தை நம்பி எரிவதை அமைதி என்று நாம் ஏற்க முடியாது. அவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவர் எப்படியோ? அந்தத் திணைக்களம் அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. வன்னியின் முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சம்பளம் கொடுத்ததும் அதுதான். பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கும் ஆசிரியையின் பிழைப்பு படைத்தரப்பின் கையில் இருந்தால், அவர் எதைப் பேசுவார், எதை விழுங்குவார்? ஏ9 வீதியில் இராணுவம் சிற்றுண்டிச்சாலை நடத்தினால், பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருக்கும் குடும்பம் யாருடன் போட்டியிடுவது? குடிமக்கள் வாழ்வில் படையினரின் தலையீட்டைக் குறைக்கும்படி, அரசே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இலேயே சொல்லிவிட்டது.

காணிதான் எல்லாவற்றிலும் ஆறாத புண். வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. தையிட்டியில் உறுதிக்காரர்கள் கையில் காணி உறுதி இருக்கிறது. காணியில் விகாரை நிற்கிறது.

இரணைதீவை நினைத்துப் பாருங்கள். 1992இல் இடம்பெயர்ந்த அந்த மக்கள் ஏறத்தாழ ஓராண்டு போராடிப் பார்த்துவிட்டு, 2018 ஏப்ரலில் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாமாகவே தீவில் இறங்கினார்கள். தீவை வைத்திருந்த கடற்படை தடுக்கவில்லை. இடிந்த தேவாலயத்தில் செபித்தார்கள், பிறகு வலை போட்டார்கள். நாட்டின் பாதுகாப்பு அதனால் ஒரு சாணும் குறைந்துவிடவில்லை. பாதுகாப்பு என்று சொல்லிப் பூட்டி வைத்த மற்ற ஊர்களைத் திறக்கவும் இதைவிடச் சான்று வேண்டுமா?

படையினர் மீது நமக்குப் பகை இல்லை. அனுராதபுரத்திலும் மொனராகலையிலும் வறுமை துரத்த, பதின்ம வயது தாண்டியதும் சீருடை அணிந்த பிள்ளைகள் அவர்களில் ஏராளம். ஆனால் மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற சிப்பாயை, உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்த பிறகும், 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பொதுமன்னிப்பில் விடுவித்தார். மரண தண்டனையை நாமும் ஆதரிக்கவில்லை. தண்டனையைக் குறைப்பது வேறு, குற்றவாளியை வீட்டுக்கு அனுப்புவது வேறு. அந்த ஒரு கையெழுத்து, படையினர் நடத்திய நூறு மருத்துவ முகாம்களின் பயனை அழித்துவிட்டது. குற்றம் செய்யாத சிப்பாய்க்கும் அதுவே அநீதி; ஊர் அவனையும் அதே கண்ணால் பார்க்கிறது.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்திக்கு 3 ஆசனங்கள் கிடைத்தன. காணி திரும்பும் என்ற நம்பிக்கையும் அந்த வாக்குகளில் இருந்தது. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, படையினர் வசமுள்ள தனியார் காணிகளின் முழுப் பட்டியலை ஒவ்வொன்றுக்கும் விடுவிக்கும் தேதியோடு வெளியிட வேண்டும். பண்ணைகளையும் முன்பள்ளிகளையும் அங்கு வேலை செய்வோரின் சம்பளம் குறையாமல் மாகாண நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறியவர்களில் பலர் சொந்த முற்றத்தைக் காணாமலே கண்மூடிவிட்டார்கள். எஞ்சியிருக்கும் முதியவர்களையும் காக்க வைக்காதீர்கள்.