அந்தக் காலத்து வெயிலா, இந்தக் காலத்து வெயிலா? பதில் சொல்லும் 200 வருஷத்து நோட்டு!

சென்னை: சித்திரை பிறந்தால் போதும், டீக்கடைக்கு டீக்கடை ஒரே பேச்சுதான். "எங்க காலத்துல இப்படி ஒரு வெயில் கிடையாதுப்பா" என்பார் பெரியவர். "போங்க தாத்தா, அப்பவும் இதே வெயில்தான். உங்களுக்கு வயசாயிடுச்சு" என்பான் பேரன். இந்தச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்ல ஒரு சாட்சி இருக்கிறது. 200 வருஷத்துக்கு மேலாக எழுதிவரும் வானிலைக் கணக்குதான் அது.

கிழக்கிந்திய கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வான் ஆய்வுக்கூடம் கட்டியது. அந்தக் காலத்து கிரானைட் தூண், கல்லூரிச் சாலை வானிலை மையத்தில் இன்றும் நிற்கிறது. நட்சத்திரம் பார்க்கக் கட்டிய இடம் என்றாலும், கோல்டிங்ஹாம் என்ற அதிகாரி 1796-ல் இருந்து வானிலையையும் குறிக்க ஆரம்பித்தார். இந்திய வானிலைத் துறை பிறந்ததே 1875-ல்தான். அதற்கும் 79 வருஷம் முன்பே சென்னையில் கணக்கு தொடங்கிவிட்டது.

அப்படியே கூட்டினால் தப்பு

சரி, பழைய நோட்டை எடுத்து இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் முடிந்ததா? அங்கேதான் சிக்கல்.

முதலில், பழைய நோட்டில் இருப்பது பாரன்ஹீட். நாம் "செஞ்சுரி போட்டாச்சு" என்கிறோமே, அந்த 100 டிகிரி பாரன்ஹீட்டில்தான். செல்சியஸில் அது 37.8. இதை மாற்றுவது சுலபம். மற்றதுதான் கஷ்டம்.

தெர்மாமீட்டரை எங்கே மாட்டினார்கள்? 19-ம் நூற்றாண்டில் இந்தியாவில் பல இடங்களில் ஓலைக் கொட்டகைக்குள் தொங்கவிட்டார்கள். பிறகு காற்று புகுந்து போகும் வெள்ளை மரப்பெட்டி வந்தது. ஓலைக்கு அடியில் ஒரு சூடு, பெட்டிக்குள் ஒரு சூடு காட்டும். கருவியை ஒரு கட்டிடத்தில் இருந்து அடுத்த கட்டிடத்துக்கு மாற்றினாலும் அளவு மாறும். காலை 8 மணிக்குப் பார்ப்பதும் 10 மணிக்குப் பார்ப்பதும் ஒன்றாகாது. போதாததற்கு மை அழிந்த பக்கம், 3-ஐ 8 என்று படித்த கண் வேறு.

எப்படி சரி செய்கிறார்கள்?

மளிகைக் கடையில் பழைய தராசை மாற்றினால் என்ன செய்வோம்? ஒரே மூட்டையைப் பழசிலும் புதுசிலும் நிறுத்துப் பார்ப்போம். விஞ்ஞானிகள் செய்வதும் அதேதான். பழைய இடத்திலும் புது இடத்திலும் ஒரே காலத்தில் அளந்த கணக்கு கிடைத்தால், வித்தியாசத்தைக் கழித்துக்கொள்வார்கள்.

அது கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர்க் கணக்கைப் பார்ப்பார்கள். சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் சூடு ஏறாமல் இருக்க, ஒரு ஊரில் மட்டும் திடீரென்று ஒரு டிகிரி கூடியிருந்தால்? வெயில் கூடவில்லை, கருவி இடம் மாறியிருக்கிறது என்று சந்தேகப்பட்டுத் துருவுவார்கள்.

நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பெரிய வேலை. பிரிட்டனில் 2020 ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்த சுமார் 16 ஆயிரம் பேர் சேர்ந்து, பழைய மழைக் கணக்கில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களை டைப் அடித்துக் கொடுத்தார்கள். கிழக்கிந்திய கம்பெனி கப்பல்களின் பயண ஏடுகளில் இருந்தும் 1789 முதல் 1834 வரையான கடல் வானிலையை எடுத்திருக்கிறார்கள்.

ஏரி போச்சு, சூடு வந்தாச்சு

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மாம்பலத்தில் இருந்த நீண்ட ஏரியை வற்ற வைத்துத்தான் 1920-களில் தி.நகர் வந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் இன்று வள்ளுவர் கோட்டம். தண்ணீர் இருந்த இடத்தில் சிமென்ட் வந்தால் ராத்திரியிலும் சூடு இறங்காது.

அப்படியானால் சென்னையில் கூடிய சூட்டில் பூமியே சூடானது எவ்வளவு, ஊர் பெருத்ததால் வந்தது எவ்வளவு? இதைப் பிரிக்கத்தான் நகரத்துக்கு வெளியே உள்ள நிலையங்களின் கணக்கும் வேண்டும். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் விடை தெளிவு. 1901-ல் இருந்து உள்ள கணக்கில் இந்தியாவின் அதிக வெப்பமான ஆண்டு 2024 என்று வானிலைத் துறையே அறிவித்தது. ஆக, டீக்கடைப் பெரியவர் சொன்னது வெறும் புலம்பல் இல்லை.

நமக்கு என்ன?

"படிச்சவங்க கணக்கு, நமக்கெதுக்கு" என்று விட முடியாது. கடலோர ஊரில் வெப்ப அலை என்று சொல்ல, வெயில் 37 டிகிரி செல்சியசைத் தொட வேண்டும். வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடவும் இருக்க வேண்டும். அந்த 'வழக்கமான அளவு' என்பது 30 வருஷ சராசரி. இப்போது 1991 முதல் 2020 வரை உள்ள கணக்கு.

இங்கேதான் சூட்சுமம். உதாரணத்துக்கு, ஒரு ஊரின் வழக்கமான அளவு 37 என்றால், 41.5 வந்தால் வெப்ப அலை. சூடு ஏறிக்கொண்டே போய் சராசரி 38 ஆகிவிட்டால், 42.5 வந்தால்தான் வெப்ப அலை! சென்ட்ரிங் கம்பி கட்டும் மேஸ்திரிக்கும், தார் ஊற்றும் தொழிலாளிக்கும் உடம்பு அதேதான். சராசரி ஏறியது என்று ரத்தம் கூடுதல் சூட்டைத் தாங்குமா?

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஆகவே எது வெப்ப அலை, எது சாதாரண வெயில் என்பது இனி வெறும் விஞ்ஞானம் இல்லை, ஏழை வீட்டு வரவு செலவு.

30 வருஷத்தை மட்டும் பார்த்தால், ஏறிய சூடே வழக்கமாகத் தெரியும். 100, 200 வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறோம் என்று புரியும். 2003 மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி, அதாவது 113 பாரன்ஹீட் பதிவானது. அது எவ்வளவு பெரிய வெயில் என்று நம்மால் சொல்ல முடிகிறது என்றால், அதற்கு முன்னால் நாள் தவறாமல் யாரோ எழுதி வைத்ததால்தான்.

பழைய நோட்டுதானே என்று பழைய பேப்பர் கடைக்குப் போடாமல், ஒவ்வொரு பக்கத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். வெயிலில் நிற்பவனுக்கு அதுதான் சாட்சி.