பாராமெடிக்கைப் பெற்றெடுத்தது டிவி தொடரா?

'எமர்ஜென்சி!' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: அந்த நாட்டில் நோயாளி இருக்கும் இடத்துக்கே போய் அவசர சிகிச்சை தரும் பாராமெடிக் சேவை பிறந்ததே இந்தத் தொடரால்தான். ரசிகர்கள் சொன்னால் விட்டுவிடலாம். வரலாறு எழுதுபவர்களும் சொல்வதால்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஆண்டுக் கணக்கு. என்பிசியில் தொடர் தொடங்கியது 1972 ஜனவரியில். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி தீயணைப்பு வீரர்களுக்கு ஹார்பர் பொது மருத்துவமனையில் பாராமெடிக் பயிற்சி 1969இலேயே ஆரம்பித்துவிட்டது. டாக்டரோ நர்ஸோ கூட இல்லாமலே அவர்கள் மருந்து செலுத்த வழிசெய்த சட்டத்தில் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டது 1970இல். இதற்குத் தொடரே சாட்சி. அதன் முதல் கதையே அந்தச் சட்டத்தைப் பற்றியதுதான். பயிற்சி பெற்றும் சிகிச்சை தர அனுமதியின்றித் தவிக்கிறார்கள் தொடரின் நாயகர்களான தீயணைப்பு வீரர்கள் கேஜும் டிசோட்டோவும். ஆரம்பத்தில் முரண்டு பிடிக்கும் மருத்துவமனை டாக்டர் பிராக்கெட்டே கடைசியில் அவர்களுக்காகப் பேசப் போகிறார். பிள்ளை பிறந்த கதையைச் சொன்னவரையே பெற்றவர் ஆக்கினால் எப்படி?

தொடர் வந்தபோது விரல்விட்டு எண்ணுமளவுக்கே இருந்த பாராமெடிக் குழுக்கள், பத்தாண்டில் நாடெங்கும் பரவினவே என்பது அடுத்த வாதம். பரவியது உண்மை. ஆனால் முக்கியக் காரணம் வேறு. அதற்கு முன்பு பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் சவ அடக்கம் செய்யும் நிறுவனத்தார். ஆளைப் படுக்கவைக்கும் நீள வண்டி அவர்களிடம்தான் இருந்தது. இந்த அவலத்தைத் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை 1966இலேயே போட்டு உடைத்தது. 1973இல் அவசர மருத்துவ சேவைக்கென்றே கூட்டாட்சிச் சட்டம் வந்து, பணமும் வந்தது. 'எங்கள் ஊருக்கு ஏன் இல்லை?' என்று மக்களைக் கேட்க வைத்ததில் தொடருக்குப் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் வண்டி வாங்கவும் ஆள் பழக்கவும் அந்தக் கேள்வி மட்டும் போதாது.

தொடரின் தத்ரூபத்தையும் காரணமாகக் காட்டுவார்கள். தத்ரூபம்தான். ஆரஞ்சு நிறப் பெட்டியைத் திறந்து, ரேடியோவில் தொடரின் கற்பனை மருத்துவமனையான ராம்பார்ட்டைக் கூப்பிட்டு, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சொல்லி, இசிஜியை அனுப்பிவிட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும் அந்த நிமிடங்களுக்கு ஈடாக இன்றைய மருத்துவத் தொடர்களில் எதுவும் இல்லை என்பேன். ஆனால் அந்தத் தத்ரூபமே நிஜத்திலிருந்து எடுத்ததுதான். தொடரில் அழைப்பை அறிவிக்கும் குரல் சாம் லானியருடையது. அவர் நிஜ வாழ்க்கையிலும் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி தீயணைப்புத் துறையில் அதே வேலை பார்த்தவர். தீயணைப்பு வண்டியை ஓட்டிய மைக் ஸ்டோக்கர் அசல் தீயணைப்பு வீரர், சொந்தப் பெயரிலேயே நடித்தார். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலையைத்தான் தொடரைத் தயாரித்த ஜாக் வெப்பின் நிறுவனம் படம்பிடித்தது.

இந்தப் பிறப்புக் கதையால் மறைந்துபோனவர்களுக்காகத்தான் என் பெரிய ஆட்சேபம். பிட்ஸ்பர்க் நகரின் ஹில் வட்டாரத்தில் 1967இல் உருவானது ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை. வேலை கிடைக்காமலிருந்த கறுப்பின இளைஞர்களுக்கு டாக்டர் பீட்டர் சாஃபரின் திட்டப்படி தீவிரப் பயிற்சி தந்தார்கள். பிறகு அங்கே பொறுப்பேற்ற டாக்டர் நான்சி கரோலின் எழுதிய பாடத்திட்டம் நாடு முழுவதற்கும் அடிப்படையானது. கேஜும் டிசோட்டோவும் திரைக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த இளைஞர்கள் தெருவில் உயிர் காத்துக்கொண்டிருந்தார்கள். 1975இல் நகர நிர்வாகம் சேவையைத் தானே எடுத்துக்கொண்டு ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. அதன் ஊழியர்களில் பலர் விரைவிலேயே வேலையிலிருந்து வெளியேற நேர்ந்தது. பாராமெடிக் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஹாலிவுட்டுக்குப் போகுமுன் பிட்ஸ்பர்க்குக்குப் போகட்டும்.