கோடு போடுவது யார்?

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் விடுதிப் பெண்கள் கெட்டுப்போன சோற்றுக்கு நியாயம் கேட்டு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024ல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் ஆய்வாளர்கள் வரத்து கூடிப்போச்சு. பல்கலைக்கழகத்துக்காரங்க, தொண்டு நிறுவனத்துக்காரங்க, வெளிநாட்டுக்காரங்க. எல்லார் கையிலும் ஒரு கேள்வித்தாள். நான் இந்தப் பக்கத்துச் சேரிக்காரன். அவங்களுக்கு ஆள் காட்டிவிடுகிற வேலை என் தலையில் விழுந்து ரொம்ப வருஷமாச்சு.

கேள்விகள் எனக்கு மனப்பாடம். மாசம் எவ்வளவு சம்பளம்? ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் வேலை? சாதிப் பாகுபாடு உண்டா? கடைசிக் கேள்விக்கு நம்ம பிள்ளைங்க சொல்ற பதிலும் மனப்பாடம்: "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க." ஆய்வாளர் அதை எழுதிக்கொள்கிறார். "நவீன ஆலையில் சாதி தேய்ந்து வருகிறது" என்று ஒரு கட்டுரை பிறக்கிறது.

காண்ட்ராக்ட்டில் இருப்பவன் முகம் தெரியாத ஆளிடம் வேறு என்ன சொல்வான்? நாள் முழுக்க லைனில் நின்ற உடம்புக்குச் சராசரி போட்டுச் சொல்லத் தெம்பு ஏது? குற்றம் பதிலில் இல்லை, கேட்கிற முறையில் இருக்கிறது.

கேள்விக்கு முன்னால் தாளையும் கலர் பென்சிலையும் பேசுகிறவர் கையில் கொடுங்கள் என்கிறேன். தன் நாளை, தன் சம்பளத்தை, தன் வருஷங்களை அவரே படமாகப் போடட்டும். அதற்கப்புறம் பேச்சு. ஒரு வட்டம் போட்டு 24 மணி நேரமாகப் பிரித்து, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தது, பஸ்ஸில் போனது, நின்றது, தின்றது, தூங்கியது என்று நிறம் தீட்டலாம். ஆறு மாசச் சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு வந்தது எவ்வளவு, பிடித்தது எவ்வளவு என்று கட்டை கட்டையாக அடுக்கலாம். வருஷங்களைக் குறுக்கே எழுதி, கீழே படிப்பு, வேலை, குடியிருப்பு, கடன் என்று வரிசை போடலாம். இந்தக் கடைசி முறையை மேல்நாட்டுச் சமூகவியலாளர்கள் 1988லேயே வாழ்க்கை வரலாற்று நாட்காட்டி என்று எழுதிவிட்டார்கள். அது வேலை செய்கிற விதம் எளிமையானது. தேதி மறந்துபோகும், தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன் வாங்கின மாசம் மறக்காது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வரும்.

"ஒண்ணும் இல்லீங்க" என்று சொன்ன ஒரு பையன் இப்படி ஒரு தாள் போட்டான். வேலை வரிசையில் ஒரே கம்பெனி, நேர்கோடு. குடியிருப்பு வரிசையில் ஒரே வருஷத்தில் நாலு துண்டு. "ஏன் தம்பி நாலு ரூம் மாறின?" என்று கேட்டதும் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "ஊர் எதுன்னு கேட்டாங்க, சொன்னேன். ஊர்ல எந்தத் தெருன்னு கேட்டாங்க" என்றான். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினான். சாதி என்ற வார்த்தையைக் கேட்டவரும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. தாளில் இருந்த நாலு துண்டுக்குள் அது உட்கார்ந்திருந்தது.

இது படித்தவர்கள் வேடிக்கைக்குக் கண்டுபிடித்த விளையாட்டு என்று நம்மில் சிலர் நினைக்கலாம். இதற்கு ஒடுக்கப்பட்டோர் மரபு இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டு பாய்ஸ், பிலடெல்பியாவில் வீடு வீடாக ஏறி இறங்கி விசாரித்து 1899ல் புத்தகம் போட்டார். அடுத்த வருஷம் பாரிஸ் பொருட்காட்சியில், அட்லாண்டா மாணவர்களோடு சேர்ந்து கையால் வரைந்த சுமார் 60 வண்ணப் படங்களை வைத்தார். கறுப்பு மக்களின் நிலம், படிப்பு, தொழில் எல்லாம் அதில். நேற்றுவரை அடிமையாக இருந்த சமூகம் தன் கணக்கைத் தானே வரைந்து உலகத்துக்குக் காட்டியது. அந்த டு பாய்ஸுக்குத்தான் 1946ல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். இத்தாலியில் 1960களில் தூரின் நகரத்து ஃபியட் கார்த் தொழிலாளர்கள், இவார் ஒட்டோனே என்ற மருத்துவரோடு உட்கார்ந்து, எந்த இடத்தில் எந்த ஆபத்து என்று தங்கள் ஆலையையே வரைபடமாக்கினார்கள். நாமும் கார் செய்கிற மண்ணில்தான் இருக்கிறோம்.

இந்த மண்ணுக்கும் ஒரு பழைய பாக்கி உண்டு. 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் பாட்டன்மார் நிலைமையை அறிக்கையாக எழுதினார். அதன் பேரில் 1892ல் பஞ்சமி நிலத்துக்கு உத்தரவு வந்தது. வந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பது ஊரறிந்த கதை. அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களைப் பறிகொடுத்தோம். நம்மைப் பற்றி அடுத்தவன் எழுதிய கணக்கு அடுத்தவன் பீரோவிலேயே கிடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நிலத்துக்கும் ஒரு வரிசை சேர்த்தால், பாட்டன் பெயரில் இருந்தது எந்த வருஷம் யார் கைக்குப் போனது, பேரன் எந்த வருஷம் காண்ட்ராக்ட்டுக்குப் போனான் என்பதெல்லாம் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

ஆனால் இதில் கத்தியும் இருக்கிறது. கம்பெனிக்காரன் ஏற்கெனவே நம்மைப் படம் போட்டுத்தான் வைத்திருக்கிறான். லைனுக்கு மேலே தொங்கும் போர்டில் டார்கெட் எவ்வளவு, ஆனது எவ்வளவு. வாசலில் கைரேகை எந்திரம். அவன் கணக்குக்கு நாம் போடுகிற தாளும் போய்ச் சேர்ந்தால்? பேர் இல்லாவிட்டாலும், ஷிப்ட்டையும் பஸ் ரூட்டையும் பார்த்தே இன்னார் என்று சூப்பர்வைசர் கண்டுபிடித்துவிடுவான்.

அதனால் வருகிற ஆய்வாளர்களிடம் நான் நிபந்தனையாகவே சொல்கிறேன். வரைந்த தாள் வரைந்தவருக்குச் சொந்தம். உங்களுக்கு வேண்டுமானால் அனுமதி கேட்டு நகல் எடுங்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கிற விவரத்தை அவர் முன்னாலேயே அழியுங்கள். வரைய இஷ்டமில்லாதவரை வற்புறுத்தாதீர்கள். எழுதி முடித்ததும் திரும்பி வந்து எங்கள் தெருவில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். இதற்குச் சம்மதமில்லாதவருக்கு இனி ஆள் காட்டமாட்டேன்.

நம் தோழர்களுக்கும் ஒன்று. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். திரும்பவும் வேறு பெயரில் வரும். 12 மணி வேலையோடு போக ஒன்றரை, வர ஒன்றரை பஸ்ஸைக் கூட்டினால் 15. மிச்சம் ஒன்பதில்தான் சோறு, குளியல், பிள்ளை, தூக்கம் எல்லாம். இதை மேடையில் சொன்னால் காற்றோடு போகும். நூறு பேர் தங்கள் கையால் நிறம் தீட்டிய நூறு வட்டங்களைச் சேரிச் சுவரில் ஒட்டிவைத்தால், ஆய்வாளன் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதலில் நாம் படிப்போம்.