எந்தத் தடத்தில் அனுப்புவது?

போன இதழில் குழந்தைகளின் வயிற்றுப் பூச்சியைப் பற்றி எழுதியவள் இந்த இதழில் கிரிப்டோ என்று ஆரம்பிக்கிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. இதை வாங்குங்கள், லாபம் கொட்டும் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. என்னைக் கேட்டால் நம் மாதிரிக் குடும்பங்களுக்கு அஞ்சலகச் சேமிப்பே போதும். ஆனால் வீட்டில் வளர்ந்த பிள்ளை இருந்தால் இந்தப் பேச்சு எப்படியும் சமையலறை வரைக்கும் வந்துவிடுகிறது. வந்த பிறகு, 'எனக்கென்ன தெரியும்' என்று இருந்துவிட முடிகிறதா?

திண்டிவனத்தில் இருக்கும் என் ஓர்ப்படியின் மகன் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுக்கிறான். வெளிநாட்டுக்காரர் ஒருவர், கூலியை யு.எஸ்.டி.டி. ஆகத்தான் தருவேன் என்றார். ஒரு அமெரிக்க டாலருக்கு ஒன்று என்ற மதிப்பில் நிற்கும்படி டெதர் என்ற நிறுவனம் வெளியிடும் நாணயம் அது. கையில் தொட முடியாது, கணக்கில் எண்ணாகத்தான் இருக்கும். பையன் தன் எக்ஸ்சேஞ்ச் கணக்கின் முகவரியை அனுப்பினான். எந்த நெட்வொர்க் என்று எழுதவில்லை. அவர் கட்டணம் குறைச்சலாக இருந்த ஒன்றில் 250 டாலரைப் போட்டுவிட்டார். நம் ரூபாயில் 20,000-க்கு மேல். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுக் கணக்கேட்டில் 'போய்ச் சேர்ந்தது' என்று இருக்கிறது. பையன் கணக்கில் மட்டும் பூஜ்யம்! நாலு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறான். 'அந்த நெட்வொர்க்கை நாங்கள் ஏற்பதில்லை' என்பதுதான் பதில். தங்கையின் காலேஜ் ஃபீஸுக்கு என்று நம்பியிருந்த பணம் அது. ஓர்ப்படி வளையலைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொண்டுபோனாள்.

நெட்வொர்க் என்றால் என்ன? எங்கள் விழுப்புரம் ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து திருச்சிக்கு இரண்டு தடம். ஒன்று விருத்தாசலம், அரியலூர் வழியாகப் போகும். இன்னொன்று கடலூர், சிதம்பரம், மாயவரம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு போகும். புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் தனித்தனித் தடம். சிதம்பரத்தில் இறங்க வேண்டியவர் அரியலூர் வண்டியில் ஏறினால், டிக்கெட்டில் எந்த ஊர் போட்டிருந்தாலும் சிதம்பரம் வராது. யு.எஸ்.டி.டி. என்கிற ஒரே பயணி ஈத்தீரியம், ட்ரான், பி.என்.பி. என்று பல தடங்களில் போகிறார். ரயிலில் தப்பாக ஏறினால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பலாம். இங்கே இறங்கவே முடியாது. பாங்கில் இல்லாத கணக்கு எண்ணுக்கு அனுப்பினால் பணம் திரும்பி வரும். தப்பான ஆளுக்குப் போனாலும் மேனேஜரிடம் எழுதிக் கொடுக்கலாம். இதில் மேனேஜர் என்றே ஒருவர் கிடையாது.

அதனால் தடத்தை முடிவு செய்ய வேண்டியது அனுப்புகிறவர் அல்ல, வாங்குகிறவர். அதுவும் அவர் மனசுக்குத் தோன்றியபடி இல்லை. அவருடைய கணக்கில் 'பணம் பெற' என்ற இடத்தைத் திறந்து, அந்த நாணயத்துக்கு எந்தெந்த நெட்வொர்க் காட்டுகிறதோ அவற்றில் ஒன்றைத் தொட்டு, அப்போது வரும் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். கூடவே நெட்வொர்க்கின் பெயரையும். எக்ஸ்.ஆர்.பி. போன்ற சில நாணயங்களுக்கு 'டேக்' என்று ஒரு எண்ணும் சேர்த்துத் தருவார்கள். அதை விட்டால் கடிதத்தில் தெருப் பெயரைப் போட்டு வீட்டு நம்பரை விட்ட கதைதான்.

முகவரியைப் பார்த்தே தடத்தைக் கண்டுபிடிக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. ட்ரான் முகவரி ஆங்கில 'டி' எழுத்தில் தொடங்கும், 34 எழுத்து. ஈத்தீரியம் முகவரி பூஜ்யம், எக்ஸ் என்று தொடங்கும், 42 எழுத்து. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் பெரும்பாலும் செயலியே ஏற்காது, தப்பித்தோம். ஆபத்து எங்கே என்றால், பி.என்.பி. தடத்தின் முகவரியும் அச்சு அசலாக ஈத்தீரியம் மாதிரியே இருக்கும். இரட்டைப் பிள்ளைகள்! எங்கள் பையனுக்கு நேர்ந்தது அதுதான். அவன் தன் சொந்த வாலட்டில் வாங்கியிருந்தால், ஒரே சாவி இரண்டு தடத்துக்கும் பொருந்தும், எடுத்துவிடலாம். எக்ஸ்சேஞ்ச் கணக்கில் சாவி அவர்கள் கையில் அல்லவா இருக்கிறது?

அடுத்தது கட்டணம். ஈத்தீரியத்தில் இதற்கு 'காஸ்' என்று பெயர். (நம் அடுப்புக்கு வரும் காஸ் இல்லை, ஆனால் தீர்ந்தால் அதே திண்டாட்டம்தான்.) தீபாவளிக்கு முந்தின நாள் ஆம்னி பஸ் மாதிரி, கூட்டம் ஏற ஏற இதுவும் ஏறும். 50 டாலர் அனுப்பினாலும் 5,000 டாலர் அனுப்பினாலும் கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகையால் சின்னத் தொகைக்குக் கட்டுப்படியாகாது. இன்னொன்று: சொந்த வாலட்டிலிருந்து அனுப்பினால் கட்டணத்தை அந்தந்தத் தடத்தின் சொந்த நாணயத்தில்தான் கட்ட வேண்டும். ஈத்தீரியத்தில் ஈத்தர், ட்ரானில் டி.ஆர்.எக்ஸ். அது துளி இல்லையென்றால் யு.எஸ்.டி.டி. ஆயிரம் இருந்தாலும் அசையாது. இதையெல்லாம் பார்த்து மலிவான தடத்தைத் தேடுவதில் தப்பில்லை. ஆனால் வாங்குகிறவர் கணக்கு ஏற்கிற தடங்களுக்குள்தான் தேட வேண்டும்.

பெரிய தொகை என்றால் முதலில் ஐந்தோ பத்தோ டாலர் அனுப்பி, வந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு சொன்ன பிறகு மீதியை அனுப்பச் சொல்லுங்கள். கட்டணம் இரண்டு தடவை போகும், போகட்டும். முகவரியைப் பழைய பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டவும் கூடாது. முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் ஒத்திருக்கும்படி போலி முகவரி செய்து, அதை நம் பட்டியலில் நுழைத்துவிடுகிற திருடர்கள் இருக்கிறார்கள். 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படி சுமார் 6.8 கோடி டாலர் மதிப்புள்ள நாணயத்தை அனுப்பிவிட்டார். திருடனோடு பேரம் பேசி அதில் பெரும்பகுதி திரும்பி வந்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

நமக்கு நேராக வரும் ஆபத்து வேறு. 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்று போனில் செய்தி வரும். முதலில் சில நூறு ரூபாய் தருவார்கள். பிறகு, 'டி.ஆர்.சி.-20-ல் இந்த முகவரிக்கு அனுப்புங்கள் மேடம்' என்பார்கள். அது ட்ரான் தடத்தின் பெயர். முன்பின் தெரியாதவர் தடத்தையும் முகவரியையும் சேர்த்துச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். போனதை மீட்டுத் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று வருகிறவனும் அதே கூட்டம்தான். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

2025 அக்டோபரில் நம் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் ஒருவகைச் சொத்துதான் என்று சொன்னது நல்லதுதான். ஆனாலும் தப்புத் தடத்தில் போனதைத் தீர்ப்பு வண்டி ஏற்றித் திருப்பி அனுப்பாது.

வரி விஷயமும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் நஷ்டம் வந்தால் மற்றதன் லாபத்தில் கழிக்கவும் முடியாது. விற்கும்போது பொதுவாக 1 சதவீதம் பிடித்தம். ஆகவே தேதி, தொகை, நெட்வொர்க், முகவரி, அன்றைய ரூபாய் மதிப்பு இவற்றைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலாவது எழுதி வைக்கச் சொல்லுங்கள். கூலியாக வந்ததற்குத் தனிக் கணக்கு இருப்பதால் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் பையன் இப்போது நோட்டுப் போட்டிருக்கிறான். அந்த வெளிநாட்டுக்காரரிடம் அடுத்த கூலியைப் பாங்க் வழியாக அனுப்ப முடியுமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறான்.